இம்ப்ளை டொக்டர், இன்ஃபர் நீங்கள்

எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், கவரைக் கையில் வாங்கியதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதில என்னா போட்டிருக்குங்க?"

கண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு ஸ்கேன் சென்டர். நான் கவுண்டரில் இருந்து ரிப்போர்ட்டை மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, பெயர் பார்த்துக் கொடுப்பவன். எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் டைப்பிஸ்ட் மிஸ் இருந்தார். டொக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்து வாயால் சொல்லிப் பதிந்து வைப்பார். இவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் செய்வார். பதினொரு வருஷம் அப்படி முதுகும் முகமுமாக வேலை செய்தோம். டொக்டர் இருப்பது மேல்மாடியில், அவரைச் சனங்களால் லேசில் பிடிக்க முடியாது. எனக்கு இங்கிலீஷ் மட்டம் என்பது என் முகத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே கேள்வி என் தோளைத் தாண்டிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகும்.

அவர் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்.

"இம்ப்ளை பண்ணுறது டொக்டர். இன்ஃபர் பண்ணுறது நீங்கள். நான் டைப் அடிக்கிற ஆள்."

யாழ்ப்பாணத்துக்காரி. ஐம்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலைமுடி, வெளிறிய பருத்திச் சேலைகள் நான்கு. எல்லோருக்கும் அவர் மிஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர் என்பதால் என்னை அண்ணை என்பார். அவருடைய பதிலில் பாதி எனக்கே விளங்காமல்தான் முதல் ஒரு வருஷம் போனது. ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"அது ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்?"

"ஒண்டில்லை அண்ணை. சொல்லாமச் சொல்லுறது இம்ப்ளை. சொல்லாததை விளங்கிக்கொள்ளுறது இன்ஃபர். ஒருத்தர் எறியிறார், மற்றவர் பிடிக்கிறார். எறியிறவனைப் பாத்து நீ நல்லாப் பிடிச்சாய் எண்டு சொல்லலாமோ?"

"தமிழ்ல என்னாங்க?"

"உய்த்தறிதல் எண்டு ஏஎல் சோதினைக்குப் படிச்சனாங்கள். நான் லொஜிக், அளவையியல் பாடம் செய்தனான். ரெண்டு எடுகூற்று இருந்தா முடிவு தானா வரும் எண்டு சொல்லித் தந்தவை." ஒரு மிடறு குடித்தார். "தானா வராது. ஆரும் ஒராள் கொண்டுவர வேணும். கொண்டுவாற ஆளின்ர தலையிலதான் பிழையும் விழும்."

எங்கள் மனேஜருக்கு இந்த வித்தியாசம் கடைசி வரை பிடிபடவில்லை. ஒருநாள் சம்பளம் பிந்தியதைப் பற்றி மிஸ் ஏதோ கேட்க, அவர் முறைத்து, "ஆர் யூ இன்ஃபரிங் தட் ஐ ஆம் எ லையர்?" என்றார். மிஸ் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார். "நோ சேர். நான் இம்ப்ளை பண்ணுறன். இன்ஃபர் பண்ணுறது நீங்கள்." மனேஜர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கவர்களுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. சொல்லை அதன் இடத்தில் வைத்துவிட்ட திருப்தியோடு மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினார்.

கல்நெஞ்சம் என்று சிலர் சொன்னார்கள். நானும் சில நாள் அப்படி நினைத்தேன். ஆனால் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் யாருக்கும் சொல்வார். எல்லாம் சேர்ந்து என்னவாகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார். அக்குறணையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் ஒருமுறை கவரைக் கிழித்து ரிப்போர்ட்டை விரித்துக்கொண்டு கோபமாக வந்தார். அவருடைய ஈரலைப் பற்றி 'அன்ரிமாக்கபள்' என்று டொக்டர் எழுதியிருந்தார்.

"மிஸ், என்ட ஈரலப் பத்தி மதிப்பில்லாமயா எழுதிக்கி?"

"குறிப்பிட்டுச் சொல்ல ஒண்டுமில்லை எண்டு அர்த்தம்."

"அப்ப நல்லமா, கூடாதா?"

"அதை டொக்டரைக் கேளுங்கோ."

ஹாஜியார் மேல்மாடிக்குப் போய் அரை மணித்தியாலம் கழித்துச் சிரித்தபடி இறங்கி வந்தார். அடுத்த நாள் மிஸ்ஸுக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்தது. அவர் அதைப் பிரித்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு மூன்றே மூன்று எடுத்துக்கொண்டார்.

வாயைக் கட்டிவைத்தாலும் சனங்கள் விடவில்லை. சொல்லாததை அவருடைய நடத்தையில் தேடினார்கள். ஒரு தடவை களைத்துப்போய் நின்ற ஒரு அம்மாவுக்கு அவர் கதிரை எடுத்துப் போட்டார். அந்த அம்மாவுக்கு நோய் பாரதூரமாக இருந்தது தற்செயல். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கதை பரவிவிட்டது, அந்த மிஸ் கதிரை தந்தால் காரியம் சரியில்லை என்று. அதன் பிறகு அவர் கதிரையைத் தொட்டாலே சனம் பின்வாங்கியது. ஒரு கிழவர், "வேணாம் மகள், வேணாம், நான் நின்னுக்கிறேன்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு முழங்காலில் மட்டும்தான் கோளாறு. மிஸ் யோசித்து, அடுத்த நாளிலிருந்து வந்த எல்லோருக்கும் கதிரை கொடுக்கத் தொடங்கினார். அன்றைக்குக் காத்திருப்பு அறை சாவு வீடுபோல இருந்தது. கடைசியில் மனேஜர் கதிரைகளை எடுத்துவிட்டு, எல்லோரும் உட்கார நீட்டு வாங்கு ஒன்றை வாங்கிச் சுவரோடு பொருத்திவிட்டார்.

அவருடைய சொந்த விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்பிட்டியப் பக்கம் ஒரு அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டு இருந்தது. உத்தியோகப் படிவத்தில் திருமண நிலை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார் என்று மனேஜர் சொன்னார். சென்டரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

என் மனைவிக்கு நோய் வந்தது நான் அங்கே சேர்ந்து பத்தாவது வருஷத்தில். மார்பில் கட்டி. சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்காக மருந்து. மருந்து பிடித்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் சென்டரிலேயே எடுத்தோம். அவளுடைய உயிர் அந்த ஒரு தாளில் இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

மிஸ்தான் டைப் செய்தார். சனிக்கிழமை மத்தியானம் தாளை மடிக்காமல், தடுப்பின் கீழே இருந்த இடைவெளியால் என் பக்கம் தள்ளினார். மற்றவர்களுடையதையும் அப்படித்தான் தள்ளுவார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருஷம் சனங்கள் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே பார்த்தேன். அதில் எதுவும் இல்லை. நானும் தாளை வாசிக்காமல் கவரில் போட்டு ஒட்டினேன். கவுண்டரில் இருப்பவன் ரிப்போர்ட்டை வாசிக்கக் கூடாது, சட்டம் சட்டம்தான் என்று எனக்கு நானே வீரம் காட்டிக்கொண்டேன்.

கடுகண்ணாவையில் உள்ள வீட்டுக்குப் போகும் ரயிலில் கவரைக் கிழித்துவிட்டேன்.

ஒரு பக்க ரிப்போர்ட். வழக்கமாகக் கடைசியில் இம்ப்ரெஷன் என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழே முடிவை இரண்டு வரியில் எழுதுவார்கள். எங்கள் டொக்டர் சிலவற்றில் அதைப் போடாமல் விடுவார். இதிலும் விட்டிருந்தார். அளவுகள், மில்லிமீற்றர்கள், எனக்கு வாயில் நுழையாத சொற்கள். நடுவில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது. போன ஸ்கேனோடு ஒப்பிட்டால் ப்ரோக்ரெஷன் தெரிகிறது என்று போட்டிருந்தது. ப்ரோக்ரெஸ் ரிப்போர்ட் எனக்குத் தெரியாதா? என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தவணைக்கு ஒன்று வருகிறது, மேலே தமிழில் முன்னேற்ற அறிக்கை என்று அச்சடித்திருக்கும். முன்னேற்றம். மருந்து பிடித்துவிட்டது. எனக்கு எதிரில் இருந்த ஆளிடம் காரணமில்லாமல் சிரித்தேன். அவரும் பாவம், திருப்பிச் சிரித்தார்.

வீட்டுக்குப் போய் வாசலிலேயே சொன்னேன். "முன்னேற்றம்னு போட்டிருக்கு." மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்படியா," என்றாள். மகள் குதித்தாள். அன்றைக்கு இரவு நான் மூன்று மாதங்களுக்குப் பிறகு இடையில் எழும்பாமல் நித்திரை செய்தேன்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கவரைக் கிழித்தது பிழை என்று தெரியும், இருந்தாலும் வாய் நிற்கவில்லை.

"மிஸ், பாத்துட்டேங்க. முன்னேற்றம் இருக்குதுன்னு போட்டிருக்கு. ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும். அப்பவும் மூஞ்சியில காட்டலயே நீங்க."

அவருடைய விரல்கள் நின்றன. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு டைப் அடித்த ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

"வெள்ளிக்கிழமை கிளினிக்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"சரி."

நான் என் கதிரைக்கு வந்துவிட்டேன். அந்தச் சரி எனக்குப் போதுமாக இருந்தது.

அந்த வாரம் நன்றாக இருந்தோம். அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். மூன்று பேருமாகக் கண்டிக்கு வந்து குளத்தைச் சுற்றி நடந்தோம். மனைவி பாதியில் களைத்து ஒரு மரத்துக்குக் கீழே உட்கார்ந்தாள், மருந்தின் களைப்பு என்று நான் விளக்கம் சொன்னேன். புதன்கிழமை மகளுக்குச் சப்பாத்து வாங்கினோம். என் மனைவி ஒரு அளவு பெரிதாக எடுக்கச் சொன்னாள். வியாழக்கிழமை என் மச்சானுக்குப் போன் எடுத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் அங்குள்ள சிங்கள டொக்டர் தாளை வாசித்து, தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னார். ப்ரோக்ரெஷன் என்றால் நோய் முன்னேறியிருக்கிறது என்று அர்த்தம். முன்னேறியது நோய்தான். எலும்பு வரைக்கும் போயிருந்தது. டொக்டர் இன்னும் ஏதேதோ சொன்னார், என் காதில் விழவில்லை. என் மனைவி கிளினிக் கொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சென்டரில் யாரும் வருவதற்கு முன்னால் மிஸ்ஸிடம் போனேன்.

"ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை, அண்ணை. எனக்குச் சொன்னனீங்கள்."

அடித்துவிடலாம் என்று இருந்தது.

"நீங்க பேசாம இருந்தா நான் சரின்னுதானே நெனப்பேன்? ஒங்க அளவையியல் இதுக்கு என்னா சொல்லுது?"

அவர் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். பதினொரு வருஷத்தில் அந்தக் கண்ணாடியின் ஊடாக என்னை நேராகப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"அது நான் இம்ப்ளை பண்ணினதுதான். பிழை என்ர."

காரணம் சொல்லியிருந்தால், அழுதிருந்தால், எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் அவரோடு பேசவில்லை. தாள்கள் இடைவெளியால் வரும், நான் எடுத்து மடித்து ஒட்டுவேன். தேத்தண்ணி நேரத்தில் நான் வெளியே போய்விடுவேன். அவரும் சமாதானம் செய்ய முயற்சி எடுக்கவில்லை. சனங்கள் கேட்கும்போது பின்னாலிருந்து அந்தப் பழைய பதில் மட்டும் கேட்கும். இம்ப்ளை பண்ணுறது டொக்டர். எனக்கு அது கேட்கும்போதெல்லாம் கவரில் பசை அதிகமாகிவிடும்.

என் மனைவி ஆவணி மாதத்தில் செத்துப்போனாள். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பெட்டி எடுத்தேன், கொட்டகை போட்டேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போனதா என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றிக் குசுகுசுத்தது காதில் விழுந்தது. விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. மரத்துப்போன காலில் யாரோ மிதிப்பதுபோல, மிதிக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு மிஸ் வந்தார். கடுகண்ணாவை ஸ்டேசனில் இறங்கி நடந்தே வந்திருக்கிறார், சேலைக் கரையெல்லாம் சேறு. படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குள் ஒரு விஷயம் பல நாளாகக் கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை டொக்டர் சொன்னபோது என் மனைவியின் முகம் மாறவில்லை. என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தவள் அவள்தான். அப்போது எனக்கு அது படவில்லை, அவள் செத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் படத் தொடங்கியது. இதை யாரிடம் கேட்பது என்று இருந்தேன்.

"மிஸ், அவளுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீங்கள் எனக்கு வந்து சொன்ன அந்தத் திங்கக்கிழமை. பின்னேரம் ஏழு மணி போலை உங்கட போனிலை இருந்து எடுத்தவ. 'மிஸ், எனக்கு வலி கூடித்தான் இருக்கு, இவரு முன்னேற்றம்னு சொல்றாரு, அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு என்னா அர்த்தம்' எண்டு கேட்டவ. சொல்லுக்கு அர்த்தம் கேட்டா நான் சொல்லுறனான். சொன்னன்."

"அதுக்கு அவ என்னா சொன்னா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்குச் சொல்ல வேணாம் எண்டவ. ரிப்போர்ட் அவவின்ர. நான் ஓம் எண்டன்."

மகள் குசினியில் பாத்திரங்களை அடுக்குவது கேட்டது. நான் திட்டிய அன்றைக்கு இவர் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் இவரை விட்டுவிட்டு, நோயோடு கிடந்தவளிடம் போய் ஏன் மறைத்தாய் என்று கேட்டிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதம் என் கோபத்தைத் தன் பக்கமாக வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"வேற ஏதும் சொன்னாளா?"

"இல்லை." தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, டைப் செய்ததைச் சரிபார்க்கிற குரலிலேயே சொன்னார். "நீங்கள் பின்னாலை பாட்டுப் படிச்சுக்கொண்டு பீங்கான் கழுவினீங்கள். தண்ணிச் சத்தமும் கேட்டது. கதைச்சு முடிஞ்சாப் பிறகும் அவ போனை வைக்கேல்லை. பாட்டு முடியிற வரைக்கும் போனை உங்கட பக்கம் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. எனக்கு முழுக்கக் கேட்டது."

"ஏன் மிஸ்?"

"அதை அவ சொல்லேல்லை, அண்ணை," என்றார்.

பதினாறு நாள் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.